குதிரை விலை

14

மழை விட்டிருந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் பொயிண்ட் குக்கில் ஆகஸ்ட் மாதக் குளிர்காற்றுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. கராஜ் கதவு மேலே ஏறியதும் உள்ளே புகுந்து, வண்டிமேல் போர்த்தியிருந்த சாம்பல் நிறத் துணியை உப்பவைத்தது.

"பிடி தாரிணி, பிடி! ஜிப்பு உரசினா கோடு விழுந்துரும்!"

தாரிணி ஒரு முனையைப் பிடித்தாள். செந்தில்நாதன் மறு முனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நடந்தான். ஜவுளிக்கடைக்காரர் பட்டுப்புடவை மடிப்பதுபோல மடித்தான். விற்கக் கொண்டுபோகிற வண்டிக்கு இனி எதற்கு இந்த மடிப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவன் மறுபடியும் போர்த்திவிடுவானோ என்கிற பயம்.

துணி விலகியதும் சிவப்பு பளீரென்று தெரிந்தது. 1969ஆம் வருஷத்து மஸ்டாங். மூக்கில் ஓடுகிற குதிரை. இடது பக்கம் ஸ்டியரிங். மூன்றரை வருஷமாக இந்தக் கராஜை விட்டு வெளியே வராத வண்டி.

அந்த மூன்றரை வருஷத்துக்கு முன்னால் உலகமே ஆட்டம் கண்டிருந்தது. செந்தில்நாதனின் ஓய்வூதியச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு பங்குச் சந்தையில் கரைந்துபோனது. அப்போதுதான் அவனுக்கு இந்த யோசனை வந்தது.

"ஷேருங்கறது காகிதம் தாரிணி. கம்பெனி முழுகினா மளிகை கட்டக்கூட ஆகாது. இது இரும்பு. இந்த மாதிரி வண்டி இனிமே ஒண்ணுகூடப் புதுசாப் பொறக்கப்போறதில்ல. இருக்கறது வருஷா வருஷம் குறையும். குறையக் குறைய விலை ஏறும்."

கேட்க எவ்வளவு சரியாக இருந்தது! வீட்டுக் கடனின் மேல் இன்னொரு கடன் வாங்கி, ஆனை விலை குதிரை விலை கொடுத்து, கலிபோர்னியாவிலிருந்து வண்டியை வரவழைத்தான். கொண்டுவந்து தந்தவர் வரதராஜா. வெரிபீயில் பெரிய ஷெட் வைத்துப் பழைய அமெரிக்க வண்டிகளை இறக்குமதி செய்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர்; இந்த ஊருக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பத்தாவது கல்யாண நாளுக்குப் பரிசு என்று வண்டியைத் தாரிணி பெயரிலேயே எழுதினான் செந்தில்நாதன். "உன் பேர்ல ஒரு குதிரை!" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தக் குதிரையில் அவள் இதுவரை ஒரு தெருகூடப் போனதில்லை. ஓட்டினால் கிலோமீட்டர் ஏறும்; ஏறினால் விலை குறையும்.

அடுத்த வருஷமே ஜீலோங்கிலிருந்து ஒரு பல் டாக்டர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். இன்னும் மூன்று வருஷம் போகட்டும் என்று திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலிய டாலர் ஏற ஆரம்பித்தது. இவர்கள் வண்டி வாங்கியபோது இந்த ஊர் நூறு டாலருக்கு அமெரிக்க டாலர் அறுபத்தைந்துதான் கிடைத்தது. இப்போது நூற்றைந்து. ஊரே கொண்டாடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவுக்குப் போய் வந்தார்கள். அதே மலிவில் இங்கிருப்பவர்கள் எல்லாம் அமெரிக்கப் பழைய வண்டிகளையும் வாங்கிக் குவித்தார்கள். கப்பல் கப்பலாக மஸ்டாங் வந்து இறங்கியது. செந்தில்நாதனின் குதிரை நின்ற இடத்திலேயே இளைத்தது.

போதாததற்கு, பிப்ரவரியில் அவன் வேலை பார்த்த வங்கி கம்ப்யூட்டர் பிரிவையே சென்னைக்கு மாற்றிவிட்டது. எந்த ஊரை விட்டு வேலைக்காக இவ்வளவு தூரம் வந்தானோ, அந்த ஊருக்கே வேலை போய்விட்டது.

போன திங்கட்கிழமை தாரிணி ஆஸ்பத்திரி லேபில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்தாள். கராஜில் விளக்கு எரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, டை, பளபளக்கும் ஷூ. செந்தில்நாதன் மஸ்டாங்குக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

அவன் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான். "ஆஃபீஸ்ல இருக்கேன்."

அந்த நிமிஷத்தில்தான் வண்டியை விற்றே ஆகவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். கடனுக்காக மட்டும் இல்லை. மூன்று நாள் மன்றாடினாள். வியாழக்கிழமை அவன் "சரி" என்றான். ஏலத்தில் அறுபதாயிரத்துக்குக் கீழே போனால் தரமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

"அப்பா, கேன் ஐ சிட் இன் இட்? ஜஸ்ட் ஒன்ஸ்?"

மேனுகா நைட் டிரஸ்ஸோடு கராஜ் வாசலில் நின்றாள். பன்னிரண்டு வயது. இதுவரை கேட்டதே இல்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

செந்தில்நாதன் ஒரு கணம் யோசித்தான். பிறகு உள்ளே போய் ஒரு குளியல் துண்டை எடுத்துவந்து சீட்டின்மேல் விரித்தான். "செருப்பைக் கழட்டிட்டு ஏறு. கதவை அடிச்சுச் சாத்தாத."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொடாமல் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி, "இட் ஸ்மெல்ஸ் லைக் யூ, அப்பா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

தாரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

* * *

வரதராஜா தன்னுடைய வெள்ளை யூட் என்கிற சிறு லாரியின் பின்னால் நீளமான ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல கட்டான உடம்பு. இறங்கியதும் முதலில் தாரிணியைப் பார்த்தார்.

"சாப்பிட்டனீங்களோ தங்கச்சி? முகம் வாடிப்போய்க் கிடக்கு."

"ஆச்சுங்க அண்ணே."

"தம்பி, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணும் பாப்பம்."

செந்தில்நாதன் சாவியைத் திருப்பினான். என்ஜின் கனைத்தது. மறுபடி திருப்பினான். முனகியது. மூன்றாவது தடவை சத்தமே இல்லை.

"போன மாசம்கூட ஸ்டார்ட் பண்ணினேனே!"

வரதராஜா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு.

"சீல் எல்லாம் காய்ஞ்சு போச்சு. டாங்கிலை பெற்றோல் பிசின் மாதிரி இறுகியிருக்கும். ஓடாமலே வச்சிருந்தா இப்பிடித்தான் தம்பி. வண்டி எண்டா ஓடவேணும்."

"ஓட்டினா விலை குறையும்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"கனக்க ஓடாதையும் எண்டுதான் சொன்னனான். ஓடவே வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

வின்ச் கம்பியைக் கட்டி, சுற்றிச் சுற்றி, வண்டியை ட்ரெய்லர்மேல் இழுத்தார்கள். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறாற்போல அவன் பக்கத்திலேயே கை கொடுத்துக்கொண்டு நடந்தான்.

யூட்டின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வரதராஜா ஓட்ட, நடுவில் செந்தில்நாதன், ஜன்னலோரம் தாரிணி. வெஸ்ட்கேட் பாலத்தின் மேல் காற்று அடித்தபோது ட்ரெய்லர் லேசாக ஆடியது. அவன் திரும்பித் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"தம்பி, இப்பவும் சொல்லுறன். அறுபதிலை பிடிவாதமா நிக்காதையும். சந்தை செத்துப் போச்சு. கிடைக்கிற விலைக்குத் தள்ளிப்போட்டு வீட்டைக் காப்பாத்தப் பாரும்."

"இன்னைக்கு நல்ல கூட்டம் வரும்னு ஏலக்காரர் சொன்னாருங்க."

"அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

* * *

டாண்டினாங் பக்கம் பெரிய தகரக் கூரை போட்ட கூடம். உள்ளே ரப்பர் நாற்றமும் வெங்காயம் வதக்குகிற வாசனையும் கலந்து வந்தன. வரதராஜா வண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு யூட் பக்கமாகவே நின்றுகொண்டார்.

"நான் உள்ளை வரேல்லை தங்கச்சி. நான் கொண்டுவந்து தந்த வண்டி. விலைபேசுறதைப் பாக்க எனக்கு ஏலாது."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு தாரிணி உள்ளே போனாள்.

உள்ளே போனதும் நின்றுவிட்டாள். சுவரோரம் வரிசையாக வண்டிகள். அதில் நான்கு மஸ்டாங். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, இரண்டு சிவப்பு. உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்பதுபோல மூன்றரை வருஷம் ஒரு கராஜில் வைத்துக் கும்பிட்டது, இங்கே ஐந்தில் ஒன்று. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் தன் புடவையையே கட்டிக்கொண்டு நான்கு பேர் நிற்பதைப் பார்த்தவளைப்போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

செந்தில்நாதன் ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "கறுப்புல பெயிண்ட் மட்டம். நீலத்துல சீட்டு ஒரிஜினல் இல்ல. நம்மளுது மாதிரி ஒண்ணுகூட இல்ல."

"சரிங்க."

"நெசமாத்தான் சொல்றேன் தாரிணி."

"நானும் நெசமாத்தான் சரிங்கறேன்."

ஏலம் தொடங்கியது. வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு மேடை ஏறின. அந்த உறுமலுக்கே ஜனங்கள் கைதட்டினார்கள். நீல மஸ்டாங் ஐம்பத்து மூன்றாயிரத்துக்குப் போனது. அடுத்து ஒரு சிவப்பு, ஐம்பதுக்கு. கறுப்பு, நாற்பத்தெட்டு. ஒவ்வொன்று போகும்போதும் கூட்டத்தின் பசி கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைத் தாரிணி பார்த்தாள். வாங்கவேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள். இனி வருகிறது மிச்சம்.

இவர்கள் வண்டியின் முறை வந்தது.

உறுமல் இல்லை. மஞ்சள் சட்டை போட்ட நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சரிவில் ஏறும்போது ஒருவன் கால் வழுக்கியது. பின் வரிசையில் யாரோ, "குதிரைக்கு ஒரு கேரட் குடுங்கப்பா!" என்று இங்கிலீஷில் கத்தினார்கள். கூடம் சிரித்தது.

செந்தில்நாதன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் உள்ள போய் உக்காந்துருந்தா ஸ்டார்ட் ஆயிருக்கும்," என்று முணுமுணுத்தான். அவன் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தாரிணிக்குத் தெரிந்தது.

முப்பதில் தொடங்கியது. முன் வரிசைப் பெரியவர் ஒருவரும் டெலிபோனில் யாரோ ஒருவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றில் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய்விட்டார். டெலிபோனும் நின்றது. ஏலம் விடுகிறவர் கெஞ்சினார், வேடிக்கை பேசினார், அதட்டினார். ஒரு கையும் எழவில்லை.

அப்போது கடைசி வரிசையில் தொப்பி போட்ட தாடிக்கார இளைஞன் ஒருவன் அட்டையைத் தூக்கினான். நாற்பத்திரண்டு. டெலிபோன் நாற்பத்து மூன்று. தாடி நாற்பத்தாறு. டெலிபோன் அடங்கிப்போனது.

கூடத்து ஆள் ஒருவர், ராஸ் என்று பெயர், இவர்களிடம் வந்து குனிந்தார். நாற்பத்தாறில் நிற்கிறது, இதற்கு மேல் போகாது, தரலாமா என்று கேட்டார்.

"நோ," என்றான் செந்தில்நாதன்.

"சார், இன்றைக்கு இதுதான் விலை. திருப்பிக் கொண்டுபோனால் அடுத்த மாதம் இன்னும் குறையும்."

"நோ. அறுபது. சிக்ஸ்டி."

ராஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு தாரிணியைப் பார்த்தார். "மேடம், ஓனர் நீங்கள்தானே?"

செந்தில்நாதனும் அவள் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. மேனுகா வண்டியில் உட்காரக் கேட்டாளே, அதே பார்வை.

அவளுக்குக் கராஜ் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொண்டுபோனால் திங்கட்கிழமை காலையில் அவன் டை கட்டிக்கொண்டு எங்கே போய் உட்காருவான் என்று அவளுக்குத் தெரியும்.

"குடுத்துடுங்க," என்றாள் தாரிணி. தமிழில் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து, "செல் இட்," என்றாள்.

சுத்தியல் விழுந்தது. அடிமாட்டு விலை. ஏலக் கமிஷனும் பழைய தவணை பாக்கியும் போனால், வங்கியின் வாயை இன்னும் இரண்டு மூன்று மாதம் அடைக்கலாம். அவ்வளவுதான். வீடு நிற்குமா என்பது அதற்குப் பிறகும் கேள்விதான்.

செந்தில்நாதன் எழுந்தான். நேராக வெளியே போனான்.

* * *

ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாரிணி தவறிப்போய்ப் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். விற்றுப்போன வண்டிகளை நிறுத்தியிருந்த முற்றம். மழைத் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது.

சிவப்பு மஸ்டாங்கின் பக்கத்தில் அந்தத் தாடிக்கார இளைஞன் நின்றான். சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வரதராஜா.

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியின் கூரைமேல் கையை வைத்தார். அதைத் தடவிய விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தும் அவள் கேட்டாள்.

"இந்தப் பையன் யாருங்க அண்ணே?"

அவர் திரும்பினார். திடுக்கிட்டதுபோல் இருந்தது, ஒளிக்க முயலவில்லை. இளைஞனைக் கண்ணால் அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"என்ரை ஷெட்டிலை வேலை செய்யிற பெடியன்."

"அப்ப வாங்குனது..."

"நான்தான் தங்கச்சி."

காற்றில் துப்பட்டா முகத்தில் அடித்தது. அதை ஒதுக்கக்கூடத் தோன்றவில்லை.

"பாக்க ஏலாதுன்னு சொன்னீங்களே."

"ஏலாதுதான். அதாலைதான் அவனை உள்ளை விட்டனான்."

"வேணும்னா எங்ககிட்டயே கேட்டிருக்கலாமே அண்ணே. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே. காலையில வழி பூரா, தள்ளிப்போடு தள்ளிப்போடுன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"கேட்டா தம்பி அறுபதுக்குக் கீழை இறங்கியிருப்பாரோ? நீங்களே சொல்லுங்கோ." அவர் குரல் உயரவில்லை. "உள்ளை நடந்தது உங்களுக்குத் தெரியும். நாப்பத்தொண்டிலை எல்லாரும் கையை விட்டுட்டினம். நான் ஏத்தாட்டி அதோடை முடிஞ்சிருக்கும். நான் எடுத்ததாலை உங்களுக்கு அஞ்சாயிரம் கூடத்தான் கிடைச்சது. பொய் எண்டா சொல்லுங்கோ."

பொய் இல்லை. அதுதான் கொடுமை.

"சந்தை செத்துப் போச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

வரதராஜா கைகளைப் பையில் விட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"இப்ப செத்துப் போச்சு எண்டுதான் சொன்னனான். டொலர் ஒருநாளைக்கு விழும் தங்கச்சி. அஞ்சு வருஷமோ, ஆறு வருஷமோ. அண்டைக்கு இது நீங்கள் குடுத்த விலையை விடக் கூடப் போகும். தம்பி அண்டைக்குச் சொன்னதிலை ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனா அதுவரைக்கும் வச்சிருக்க என்னாலை ஏலும். உங்களாலை ஏலாது. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். ஏமாற்றினேன் என்று சொல்லியிருந்தால் காறித் துப்பலாம். அவர் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"தம்பிக்குச் சொல்லாதேங்கோ," என்றார் கடைசியில். "அவர் தாங்கமாட்டார்."

* * *

செந்தில்நாதன் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் ஆறிப்போன காபி.

"யாரு வாங்கினா?"

"யாரோ தொப்பி போட்ட பையன்," என்றாள் தாரிணி. அதில் பாதி உண்மை இருந்தது.

"நல்லாப் பாத்துக்குவானா?"

"பாத்துக்குவான்."

"என்மேல கோபமாங்க?" என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டாள்.

"இல்ல. உன் வண்டிதானே."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. ஆள் நடமாட்டம் இருந்ததால் அழவில்லை.

திரும்பிப் போக வேறு வழி கிடையாது. அவர்கள் சொந்தக் கார் வீட்டில் நின்றது. மறுபடியும் அதே யூட், அதே சீட், அதே நெருக்கல். பின்னால் ட்ரெய்லர் வெறுமையாகக் கடகடத்தது.

நகரத்தைத் தாண்டியதும் செந்தில்நாதன் மெல்லப் பேசத் தொடங்கினான். போகப் போகக் குரலில் ஒரு வேகம் வந்தது.

"அண்ணே, ஒரு யோசனை. செக் வந்ததும் பேங்குக்குக் கொஞ்சம் கட்டிடறேன். மீதிய உங்க கையில குடுத்துடறேன். அடுத்த கப்பல்ல எனக்கு ஒண்ணு எடுத்துடுங்க. நாம டாலர் கம்மியா இருந்தப்ப வாங்கினோம், அதுதான் தப்பு. இப்ப வாங்கி வச்சா, டாலர் விழறப்ப அப்படியே டபுள்!"

தாரிணி திரும்பி வரதராஜாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்கள் அண்ணே.

வரதராஜா ரோட்டையே பார்த்தார். "பாப்பம் தம்பி," என்றார்.

"பாப்பம் இல்லண்ணே, செய்யறோம். செக் தாரிணி பேருக்குத்தான் வரும். அவ கையெழுத்துப் போட்டாப் போதும். என்ன தாரிணி?"

அவள் பொறுத்தாள். சிக்னல் வரைக்கும் பொறுத்தாள். சிவப்பு விழுந்து யூட் நின்றது.

"அந்த வண்டிய வாங்கினது யாருன்னு நீங்களே இவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணே," என்றாள்.

வரதராஜா கண்ணாடியில் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"யாரு?" என்றான் செந்தில்நாதன், இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

"நான்தான் தம்பி," என்றார் வரதராஜா. "என்ரை பெடியனை விட்டு நான்தான் எடுத்தனான்."

பச்சை விழுந்தது. யூட் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

இப்போது வெடிக்கப்போகிறது என்று தாரிணி கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். வெடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். கத்தட்டும். சட்டையைப் பிடிக்கட்டும். ஆறு மாதமாக உள்ளே வைத்திருப்பதெல்லாம் வெளியே வரட்டும். சண்டை போடுகிற மனுஷனைத் தேற்றிவிடலாம்.

செந்தில்நாதன் முகம் மலர்ந்தது.

"நெசமாவா அண்ணே? அப்ப வண்டி வெரிபீலதான் இருக்குமா?"

"ஓ... ஓம். ஷெட்டிலைதான் நிக்கும்."

"அட, முன்னாடியே சொல்லக்கூடாதா! எவன் கையில சிக்கிச் சீரழியப்போவுதோன்னு நெஞ்சு பதறிட்டு இருந்தேன்." அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "அப்பப்ப வந்து துடைச்சு வைக்கலாமில்ல? பாலிஷ் மெழுகு எந்தப் பக்கமாப் போடணும்னு உங்க பையனுக்குத் தெரியாது."

பின்னால் இரண்டு மூன்று ஹார்ன்கள். வரதராஜா கிளட்சை விட்டார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ கலங்கியது. "வாங்கோ தம்பி," என்றார் மெல்ல. "உங்கடை வண்டி மாதிரித்தானே."

தாரிணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கடைசியாக இருந்ததையும் சொல்லியாகிவிட்டது.

வீட்டு வாசலில் யூட் நின்றது. கராஜ் கதவு காலையில் திறந்தபடியே கிடந்தது. மேனுகா உள்ளே விளக்கைப் போட்டிருந்தாள். தாரிணி இறங்கி, அவன் இறங்குவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் இறங்கவில்லை. ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"நீ போ தாரிணி. நான் அண்ணன்கூடப் போயி வண்டிய ஏத்தி ஷெட்ல விட்டுட்டு வந்துடறேன். தனியா ஏத்தினா கீறல் விழுந்துரும்."

"சாப்பிட்டுட்டுப் போலாங்க. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல."

"வந்து சாப்பிடறேன்."

"எப்ப வருவீங்க?"

அவன் கதவைத் தன் பக்கம் இழுத்து, அடிக்காமல், மெதுவாகச் சாத்தினான். அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வரதராஜா அவளைப் பார்க்காமலே யூட்டைத் திருப்பினார். தெரு முனையில் செந்தில்நாதன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தான், வேலைக்குப் புறப்படுகிற மனுஷன் மாதிரி.